ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி வரலாற்றை எழுதுவது எப்படி?

பல்கலைக்கழகம் ஒன்று பொன்விழாவையோ நூற்றாண்டு விழாவையோ நெருங்கும்போது, அதன் ஆராய்ச்சிச் சாதனைகளைத் தொகுத்து எழுதும் பொறுப்பு பெரும்பாலும் ஒரு நூலகர் தலையிலோ ஓய்வுபெற்ற பேராசிரியர் தலையிலோ வந்து விழுகிறது. அவர் கைக்கு முதலில் வந்து சேர்பவை பழைய விழா மலர்கள், துணைவேந்தர்களின் உரைகள், செய்தித்தாள் நறுக்குகள், துறைகள் அனுப்பிவைக்கும் பெருமைப் பட்டியல்கள் ஆகியவையே. அவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டால் வேலை முடிந்துவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் அந்த வரிகளில் பல, முன்பு யாரோ எழுதியதைப் பார்த்து எழுதப்பட்டவை. ஒரு மலரில் தவறாக அச்சேறிய ஆண்டு, அடுத்தடுத்த மலர்களிலும் அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் எடுத்துக்கொண்டு, அதை யார் செய்தார், எங்கே செய்தார், யாருடன் சேர்ந்து செய்தார், யாருடைய பணத்தில் செய்தார், இவற்றையெல்லாம் எந்த ஆவணம் சொல்கிறது என்று கேட்டு விடை காண்பதே இந்தப் பணியின் பெரும்பகுதி. எழுதுவது அதற்குப் பிறகுதான்.

எதைச் சேர்ப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

எல்லாத் துறைகளும் தங்கள் சாதனை இடம்பெற வேண்டும் என்று விரும்பும். அந்த விருப்பத்துக்கு இடம் கொடுத்தால் துறைக்கு இரண்டு பக்கம் என்ற கணக்கில் ஒரு தகவல் கையேடுதான் உருவாகும். எனவே பணியைத் தொடங்கும் முன்பே ஓர் அளவுகோலை வகுத்து, அதை முன்னுரையில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். நான் பரிந்துரைக்கும் அளவுகோல் எளிமையானது: இந்த ஆய்வு வெளிவந்த பிறகு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ளவர்கள் தங்கள் வேலையைச் செய்யும் முறை மாறியதா? மாறியது என்றால் அது சேர வேண்டும். விருது கிடைத்ததா என்பது இரண்டாவது கேள்வி.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பிணைப்புகள் சுழல முடியும். ஆனால் எல்லாக் கோணங்களிலும் சுழல முடியாது, ஏனெனில் சில கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காத கோணங்கள் எவை என்பதை அவர்கள் கணக்கிட்டு ஒரே வரைபடத்தில் காட்டினார்கள். அதற்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் இன்றுவரை, புதிதாக ஒரு புரதத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பவர்கள் அது சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க அந்த வரைபடத்தில் பொருத்திப் பார்க்கிறார்கள். பரிசுப் பட்டியலை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாற்றில் இத்தகைய ஆய்வுகள் காணாமல் போய்விடும்.

நோபல் பரிசு பெற்றவர்களின் எண்ணிக்கையை நூலின் முதுகெலும்பாக வைக்க வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் ஓரிடத்தில் படித்திருப்பார், வேறோர் இடத்தில் ஆய்வு செய்திருப்பார், மூன்றாவது இடத்தில் பணியாற்றும்போது பரிசு பெற்றிருப்பார். மூன்று நிறுவனங்களும் அவரைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். எண்ணிக்கை தேவைப்படுமானால், எந்த விதிப்படி எண்ணப்பட்டது என்பதையும் உடன் எழுத வேண்டும்.

நிகழ்ந்த காலத்து ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள்

ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிய ஆவணங்கள் இரு வகைப்படும். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டவை ஒரு வகை. முடிவு தெரிந்த பிறகு எழுதப்பட்டவை மற்றொரு வகை. ஆய்வகக் குறிப்பேடு, நாட்குறிப்பு, கடிதங்கள், நிதி கேட்டு எழுதிய விண்ணப்பம், கருவிகள் வாங்கிய பதிவேடு, ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள், ஆண்டறிக்கை, முனைவர் பட்ட ஆய்வேடு ஆகியவை முதல் வகை. பரிசேற்புரை, தன்வரலாறு, இரங்கல் கட்டுரை, விழா மலர் ஆகியவை இரண்டாம் வகை. இரண்டாம் வகையைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் முரண்படும் இடத்தில் முதல் வகைக்கே முன்னுரிமை தர வேண்டும்.

பலரும் எட்டிப் பார்க்காத இரண்டு ஆவணங்களைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, கொள்முதல் பதிவேடு. ஒரு கருவி எப்போது வந்தது என்பது தெரிந்தால், அந்தக் கருவியால் மட்டுமே செய்யக்கூடிய சோதனை அதற்கு முன் நடந்திருக்க முடியாது என்பது உறுதியாகிவிடும். பழைய மலர்களில் உள்ள பல ஆண்டுகளை இப்படித்தான் சோதிக்க வேண்டியிருக்கும். மற்றொன்று, நிராகரிக்கப்பட்ட நிதி விண்ணப்பம். ஆய்வாளர் அந்த நேரத்தில் எதைத் தேடிக்கொண்டிருந்தார், எதை எதிர்பார்க்கவில்லை என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

நிகழ்ந்த காலத்து ஆவணம் ஒன்று எவ்வளவு தரும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பென்சிலின் ஆய்வைப் பாருங்கள். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928ஆம் ஆண்டு லண்டனில் உள்ள செயின்ட் மேரி மருத்துவமனையில் பூஞ்சையின் செயலைக் கண்டார். அதை மருந்தாக்கும் முயற்சி ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, ஆக்ஸ்ஃபோர்டின் நோயியல் துறையில் ஹோவர்ட் ஃபுளோரி தலைமையில் தொடங்கியது. 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் செலுத்தப்பட்டன. நான்குக்கு மட்டும் பென்சிலின் தரப்பட்டது. குழுவிலிருந்த நார்மன் ஹீட்லி அதிகாலை 3.45 வரை ஆய்வகத்திலேயே இருந்தார்; அதற்குள் மருந்து பெறாத நான்கு எலிகளும் இறந்துவிட்டதை அவர் தம் குறிப்புகளில் பதிந்துவைத்தார். இந்தச் சிறு பதிவு இல்லையென்றால், ‘1940இல் விலங்குகள் மீது வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது’ என்ற ஒரு வரிதான் நம்மிடம் மிஞ்சியிருக்கும். அந்த இரவில் விழித்திருந்தவர் யார் என்பதும் தெரியாமல் போயிருக்கும்.

ஆவணங்களைத் திரட்டும்போதே, ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு பதிவு எழுதிவைப்பது நல்லது. விரிதாளில் ஒரு வரியாகவோ, தனி அட்டையாகவோ அது இருக்கலாம். கூற்று, நாள், இடம், அதில் பங்கேற்ற அனைவரின் பெயர்கள், நிதி வந்த வழி, கூற்றை உறுதிசெய்யும் ஆவணம், அந்த ஆவணம் இருக்கும் இடம், முரண்படும் ஆவணம் ஏதேனும் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். பிற்காலத்தில் அதிகம் பயன்படுவதும் அந்தக் கட்டம்தான்.

‘உலகிலேயே முதன்முதலில்’ என்று எழுதும் முன்

பல்கலைக்கழக வரலாறுகளில் மிக அதிகமாகச் சிக்கல் தருவது முதலிடம் கோரும் கூற்று. பெரும்பாலும் அது பொய்யாக இருப்பதில்லை. போதுமான அடைமொழிகள் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும். கணினியின் கதை இதை நன்றாக விளக்கும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில், பின்னாளில் அதுவே அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஆயிற்று, ஜான் அட்டனசாஃபும் கிளிஃபோர்டு பெர்ரியும் 1939 முதல் 1942 வரை வெற்றிடக் குழாய்களைக் கொண்டு ஒரு மின்னணுக் கணிப்பானை அமைத்தார்கள். அது நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. வேறு வேலைக்கு அதைப் பயன்படுத்த முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 1946 பிப்ரவரியில் வெளியுலகுக்குக் காட்டப்பட்ட எனியாக், பல வகைக் கணக்குகளையும் செய்யக்கூடியது. ஆனால் வேலையை மாற்ற வேண்டுமானால் கம்பிகளையும் சொடுக்கிகளையும் மாற்றியமைக்க வேண்டும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகியோர் அமைத்த சிறிய பொறி, 1948 ஜூன் 21 அன்று தன் நினைவகத்திலேயே சேமிக்கப்பட்ட நிரலை இயக்கிக் காட்டியது. கேம்பிரிட்ஜின் எட்சாக் என்ற கணினி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கி, பிற துறை ஆய்வாளர்களுக்கு அன்றாடம் கணக்கிட்டுத் தரும் சேவையாக வளர்ந்தது. இவற்றுக்கெல்லாம் வெளியே, எந்தப் பல்கலைக்கழகத்தையும் சாராமல் பெர்லினில் கோன்ராட் சூசே 1941ஆம் ஆண்டிலேயே நிரல்படி இயங்கும் மின்னியக்கக் கணிப்பொறி ஒன்றை முடித்திருந்தார்.

இந்த நான்கு பல்கலைக்கழகங்களில் எதுவும் ‘முதல் கணினி எங்களுடையது’ என்று ஒரே வரியில் எழுதினால் மற்ற மூன்றுக்கும் அநீதி. இந்தச் சச்சரவு நீதிமன்றம் வரை சென்றது: 1973 அக்டோபர் 19 அன்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று எனியாக்கின் காப்புரிமையைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது, அதன் அடிப்படைக் கருத்துகள் அட்டனசாஃபின் பணியிலிருந்து பெறப்பட்டவை என்று கண்டதும் அந்தத் தீர்ப்புக்கு ஒரு காரணம். எனவே முதலிடத்தைக் கோருவதற்குப் பதிலாக நடந்ததைச் சொல்லிவிடுவதே பாதுகாப்பானது, சுவையானதும்கூட. மான்செஸ்டரை எடுத்துக்கொண்டால் இப்படி எழுதலாம்: ‘1948 ஜூன் 21 அன்று, பதினேழே கட்டளைகள் கொண்ட ஒரு நிரல், இரண்டின் பதினெட்டாம் அடுக்கான எண்ணுக்கு, அந்த எண் நீங்கலாக மிகப்பெரிய வகு எண்ணைத் தேடி 52 நிமிடங்கள் ஓடிச் சரியான விடையைத் தந்தது. மின்னணு நினைவகத்தில் சேமிக்கப்பட்ட நிரல் ஒன்று இயங்கியது இதுவே முதன்முறை.’ இந்தக் கூற்றில் உரிமை சுருங்கியிருக்கிறது. ஆனால் யாரும் மறுக்க முடியாத அளவுக்கு உறுதியாகியிருக்கிறது.

நடைமுறை விதியாக ஒன்றைச் சொல்லலாம். ‘முதல்’ என்ற சொல் உங்கள் வரைவில் வரும் ஒவ்வோர் இடத்திலும், அதே பெருமையைக் கோரக்கூடிய வேறு நிறுவனங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தாலும், உங்கள் கூற்றுக்கு எந்த அடைமொழியைச் சேர்த்தால் இரண்டும் ஒருசேர உண்மையாகும் என்று யோசியுங்கள். அப்படி ஓர் அடைமொழி கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஆய்வு எந்தக் கட்டடத்தில் நடந்தது?

ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்பதாலேயே அவருடைய ஆய்வு அங்கு நடந்ததாகக் கொள்ள முடியாது. சி. வி. ராமன் 1917 முதல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர். ஆனால் 1928 பிப்ரவரி 28 என்ற நாளோடு நாம் இணைத்துப் பேசும் ஒளிச்சிதறல் ஆய்வு, அதே நகரில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு நடந்தது. பல்கலைக்கழகம் அவருக்குப் பதவியையும் ஊதியத்தையும் தந்தது. கழகம் அவருக்கு ஆய்வகத்தைத் தந்தது. இரண்டையும் ஒரே பத்தியில் சொல்லும் வரலாறே முழுமையானது. இரண்டில் எந்த நிறுவனத்தின் சார்பில் நீங்கள் எழுதினாலும் இதுவே நியாயம்.

எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் கதை இன்னும் நீளமானது. அவர் 1898 முதல் 1907 வரை மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தார். தனிமங்கள் தாமாகவே சிதைந்து வேறு தனிமங்களாகின்றன என்பதை ஃபிரெடரிக் சாடியுடன் சேர்ந்து அங்கேதான் நிறுவினார். அதற்கான வேதியியல் நோபல் பரிசு 1908இல் கிடைத்தபோது அவர் மான்செஸ்டரில் இருந்தார். பலரும் பரிசு பெற்ற பணியாக நினைக்கும் அணுக்கரு, பரிசுக்குப் பிறகு மான்செஸ்டரில் கெய்கரும் மார்ஸ்டனும் செய்த சோதனைகளிலிருந்து 1911இல் பிறந்தது. 1919இல் அவர் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்துக்குத் தலைவராகச் சென்றுவிட்டார். ‘எங்கள் நோபல் அறிஞர் ரதர்ஃபோர்டு’ என்று மூன்று பல்கலைக்கழகங்களும் சொல்லலாம்; எதற்காகப் பரிசு, எங்கு செய்த பணி என்பதைச் சேர்த்துச் சொல்லும்போதுதான் அது வரலாறாகிறது.

சிலபோது ஆய்வாளர் தம் பல்கலைக்கழகத்தில் இல்லாத கருவியைத் தேடி வெளியே போயிருப்பார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சியென் ஷியுங் வூ, இயற்கை இடவலச் சமநிலையை (ஒரு நிகழ்வும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே விதிப்படி நடக்கும் என்ற கருத்தை) எப்போதும் பேணுவதில்லை என்று காட்டிய சோதனையை, மிகக் குறைந்த வெப்பநிலையை உண்டாக்கும் வசதி இருந்த வாஷிங்டனின் தேசியத் தர நிர்ணய அமைப்பில், அங்கிருந்த அறிவியலாளர்களோடு சேர்ந்து 1956இன் இறுதியில் செய்தார். கருவிக்காக ஒருவர் எங்கே போனார் என்பது, பல்கலைக்கழகத்தின் அன்றைய வளத்தையும் வறுமையையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

விட்டுப்போன பெயர்கள்

ஆராய்ச்சி வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி இதுவே. துறைத்தலைவரின் பெயர் எப்படியும் நிலைத்துவிடும். ஆய்வு மாணவர், ஆய்வக உதவியாளர், கண்ணாடிக் கருவிகளைச் செய்தவர், கணக்கிட்டுத் தந்தவர் ஆகியோரின் பெயர்களை நீங்கள் தேடி எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

1967ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தாமும் சேர்ந்து உழைத்து அமைத்த ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு வந்துகொண்டிருந்த வரைதாளைக் கண்ணால் பார்த்து அலசினார். அதில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு சிறு கிறுக்கல், வானின் ஒரே பகுதியிலிருந்து திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். வேகமாக ஓடும் தாளில் அதை மீண்டும் பதிவுசெய்தபோது, சுமார் 1.3 நொடிக்கு ஒருமுறை சீராகத் துடிக்கும் குறிகை அது என்று தெரிந்தது. பல்சார் எனப்படும், சீராகத் துடிக்கும் ரேடியோ குறிகைகளை அனுப்பும் விண்மீன்களில் முதலில் அறியப்பட்டது அதுவே. 1968 பிப்ரவரியில் வெளிவந்த கட்டுரையில் ஐந்து பெயர்கள் உள்ளன. இரண்டாவது பெயர் பெல்லுடையது. 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசு, அவருடைய நெறியாளர் ஆண்டனி ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று. இதை எழுதும்போது நெறியாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் வேண்டாம், மாணவியை அடிக்குறிப்பில் ஒதுக்கவும் வேண்டாம். யார் கருவியைத் திட்டமிட்டார், யார் தாளைப் படித்தார், கட்டுரையில் யார் யார் இருந்தார்கள், பரிசு யாருக்குக் கிடைத்தது என்பதை வரிசையாக வைத்தால் போதும். வாசகர் தாமே புரிந்துகொள்வார்.

பெயர்களைத் தேட எளிய வழிகள் உண்டு. முதலில் மூலக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். 1940 ஆகஸ்டில் வெளிவந்த பென்சிலின் கட்டுரையில் ஏழு பேர். அவர்களில் மார்கரெட் ஜென்னிங்ஸ், ஜீன் ஓர் யூயிங் என இரண்டு பெண்கள். 1945இன் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின் ஆகிய மூவருக்கு. ஏழுக்கும் மூன்றுக்கும் இடையில் விழுந்தவர்களை எழுத வேண்டிய இடம் உங்கள் நூல். மருத்துவமனைப் பெட்பேன்களில்கூடப் பூஞ்சையை வளர்த்து, பிறகு அந்த வடிவத்தையே பின்பற்றிப் பீங்கான் கலங்களை வடிவமைத்தவர் ஹீட்லி. ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது 1990இல்தான். அடுத்து, கட்டுரையின் இறுதியில் உள்ள நன்றியுரையைப் படியுங்கள். பிறகு சம்பளப் பதிவேட்டைப் பாருங்கள். குழுப் புகைப்படங்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதப்பட்ட பெயர்களையும் விட்டுவிடாதீர்கள்.

பங்கேற்றவர்களிடையே சண்டை இருந்தால் மறைக்க வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் இன்சுலின் கண்டுபிடிப்பில் பாண்டிங், பெஸ்ட், காலிப், மக்ளியோட் என்ற நால்வரும் ஒருவர் மீது ஒருவர் கசப்போடு இருந்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று பதினான்கு வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்குப் போடப்பட்ட முதல் ஊசி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. காலிப் தூய்மைப்படுத்திய கணையச் சாற்றை ஜனவரி 23 முதல் கொடுத்தபோதுதான் சிறுவன் தேறினான். 1923இன் பரிசு பாண்டிங்குக்கும் மக்ளியோடுக்கும் கிடைத்தது; பாண்டிங் தம் பங்கை பெஸ்ட்டுடனும், மக்ளியோட் தம் பங்கை காலிப்புடனும் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பகிர்வே, நால்வரில் ஒவ்வொருவரும் தம் பக்கத்துக்கு யாரை நிறுத்தினார் என்பதற்குச் சான்று.

நேர்காணல்கள்

பங்கேற்றவர்கள் உயிரோடு இருந்தால் தாமதிக்காமல் சந்தியுங்கள். ஆவணங்களை முழுவதும் படித்துவிட்டுச் செல்வதே முறை. ஏனெனில் நினைவு ஆண்டுகளைக் குழப்பும். ‘அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால், பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான் கிடைக்கும். ஒரு குறிப்பேட்டின் நகலையோ பழைய புகைப்படத்தையோ முன்னால் வைத்து, ‘இந்தக் கருவிக்குப் பக்கத்தில் நிற்பவர் யார்? இந்தப் பக்கத்தில் கையெழுத்து ஏன் மாறுகிறது?’ என்று கேளுங்கள். பதிவுசெய்ய அனுமதி வாங்குங்கள். எழுத்துப் படியை அவரிடம் காட்டித் திருத்தங்களைப் பெறுங்கள். ஒருவர் சொன்னது மட்டுமே ஆதாரம் என்றால், ‘அவர் நினைவுகூர்ந்தபடி’ என்று எழுதுங்கள்.

ஆய்வகத்திலிருந்து மக்களிடம்

கண்டுபிடிப்பு வேறு, அது பயனுக்கு வருவது வேறு. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகளும் பல நிறுவனங்களும் இருக்கும். இன்று மருத்துவமனைகளில் காணும் எம்ஆர்ஐ கருவியின் அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வை (காந்தப்புலத்தில் உள்ள அணுக்கருக்கள் குறிப்பிட்ட ரேடியோ அலைகளை ஏற்று எதிர்வினை தருவதை) 1946இல் ஹார்வர்டில் பர்செலின் குழுவும் ஸ்டான்ஃபோர்டில் பிளாக்கின் குழுவும் தனித்தனியே காட்டின. அதைக் கொண்டு படம் எடுக்கும் முறையை ஸ்டோனி புரூக்கில் பால் லாட்டர்பர் 1973இல் வெளியிட்டார். நாட்டிங்காமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அதை விரைவாக்கினார். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜான் மல்லார்டின் குழு 1980 ஆகஸ்டில் நோயாளி ஒருவரின் உடலை மருத்துவப் பயன் தரும் அளவுக்குப் படமெடுத்தது. நீங்கள் இவற்றில் எந்தப் பல்கலைக்கழகத்துக்காக எழுதினாலும், உங்கள் பங்குக்கு முன்னும் பின்னும் வந்தவர்களைக் குறைந்தது ஒரு வரியிலாவது சொல்லுங்கள்.

காப்புரிமை ஆவணங்கள் இந்தப் பகுதிக்கு மிகவும் உதவும். ஆனால் அவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். டிஎன்ஏ துண்டுகளை ஒட்டிப் பெருக்கும் முறையை 1973இல் விவரித்த கட்டுரையில் கோஹன், சாங், போயர், ஹெல்லிங் என நால்வர் உள்ளனர். ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 1980இல் பெற்ற காப்புரிமையில் கோஹன், போயர் இருவர் மட்டுமே. காப்புரிமைச் சட்டம் கருத்தைத் தோற்றுவித்தவரை மட்டுமே புனைவாளராக ஏற்கும்; அறிவியல் கட்டுரையோ உழைத்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும். ஆகையால் காப்புரிமையில் பெயர் இல்லாததை வைத்து ஒருவருக்குப் பங்கில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தக் காப்புரிமைகள் சுமார் 25.5 கோடி டாலர் உரிமத் தொகையை ஈட்டின. இதற்கு நேர்மாறாக, டொராண்டோவில் இன்சுலின் காப்புரிமையைத் தலா ஒரே ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிசெய்த பே டோல் சட்டம் அமெரிக்காவில் 1980இல் வந்தது. உங்கள் பல்கலைக்கழகம் செயல்படும் நாட்டில் அத்தகைய சட்டம் எப்போது வந்தது என்று பார்த்தால், காப்புரிமை எண்ணிக்கை திடீரென உயர்ந்ததற்கான காரணம் அங்கே கிடைக்கக்கூடும்.

பெருமை தராத பக்கங்கள்

நிர்வாகம் தயங்கும் பகுதி இது. ஆனால் இது இல்லாத வரலாற்றை வெளியில் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1951ஆம் ஆண்டு ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற நோயாளியின் புற்றுநோய்த் திசு, அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கு எடுக்கப்பட்டது; அதிலிருந்து வளர்ந்த ஹீலா செல்கள் உலகெங்கும் உயிரியல் ஆய்வுக்கு அடிப்படையாயின. செல்களின் பயனை எழுதும் அதே பக்கத்தில் அவர் பெயரும் ஒப்புதலின்மையும் வர வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1942 டிசம்பர் 2 அன்று, விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்குக் கீழே ஃபெர்மியின் குழு நிகழ்த்திய அணுக்கருத் தொடர்வினை, அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதி என்பதையும் அப்படியே சொல்ல வேண்டும்.

நிறுவனம் தன் ஆய்வாளரை அடையாளம் காணத் தவறிய சந்தர்ப்பங்களும் இதில் அடங்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கத்தலின் கரிக்கோ 1995இல் பதவி இறக்கப்பட்டார். டுரூ வைஸ்மனுடன் அவர் 2005இல் வெளியிட்ட, செல்லுக்குள் புரதம் செய்வதற்கான செய்தியைக் கொண்டுசெல்லும் எம்ஆர்என்ஏ மூலக்கூறு பற்றிய ஆய்வு, பின்னர் கொரோனா தடுப்பூசிகளுக்கு அடித்தளமாயிற்று. 2023இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசை எழுதி, 1995ஐ விட்டுவிட்டால், நல்ல ஆய்வு எப்படிப்பட்ட சூழலில் தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது என்ற செய்தி வாசகருக்குக் கிடைக்காது. அடுத்த தலைமுறை நிர்வாகிகளுக்கு மிகவும் தேவைப்படும் செய்தியும் அதுவே.

எழுதும்போது

அறிவியலை விளக்காமல் அதன் முக்கியத்துவத்தை மட்டும் புகழும் வரிகளைத் தவிர்க்க வேண்டும். ‘புரட்சிகரமான’, ‘உலகப் புகழ்பெற்ற’ போன்ற அடைகள் வரும் இடங்களிலெல்லாம், அவற்றை எடுத்துவிட்டு, அதற்கு முன் எது முடியாமல் இருந்தது, அதற்குப் பின் எது முடிந்தது என்று இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். கலைச்சொல் தவிர்க்க முடியாததாக இருந்தால், அதை முதன்முறை பயன்படுத்தும்போதே விளக்கிவிட்டு, பின்னர் நூல் முழுவதும் அதே சொல்லைப் பயன்படுத்துங்கள். ஆண்டு வரிசையில் எழுதுவதா, துறை வாரியாக எழுதுவதா என்ற கேள்விக்கு, ஆண்டு வரிசையே நல்லது என்பது என் கருத்து. போர், நிதிப் பற்றாக்குறை, புதிய கட்டடம் போன்றவை எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் பாதித்ததை அதில்தான் காட்ட முடியும்.

வரைவு முடிந்ததும் மூன்று பேரிடம் கொடுங்கள்: அந்தத் துறையை அறிந்தவர் ஒருவர், துறையை அறியாத வாசகர் ஒருவர், அதே பெருமையைக் கோரும் வேறொரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் ஒருவர். மூன்றாமவரைக் கண்டுபிடிப்பது கடினம், ஆனால் ‘முதல்’ என்ற கூற்றுகளில் எவை நிற்கும், எவை நிற்காது என்பது அவர் திருப்பி அனுப்பும் படியில் தெரிந்துவிடும். ஆய்வாளர்களின் குடும்பத்தினர் சம்பந்தப்பட்ட பகுதிகளை அவர்களுக்கும் காட்டுவது மரியாதை. உண்மைத் தவறுகளைத் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் ஆவணம் சொல்வதை நீக்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

நூல் அச்சேறிய பிறகு, நீங்கள் தொகுத்த கூற்றுப் பதிவுகளையும், நேர்காணல் ஒலிப்பதிவுகளையும், ஆவண நகல்களையும் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் ஒரு பட்டியலோடு ஒப்படைத்துவிடுங்கள். முரண்பாடுகள் தீராமல் நின்ற பதிவுகளைத் தனிக் கோப்பாக வைத்து, எந்த ஆவணம் கிடைத்தால் அவை தீரும் என்பதையும் அதன் முதல் தாளில் எழுதிவைப்பது அவசியம். அடுத்த பதிப்பைத் தொடங்குபவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய கோப்பு அதுதான்.